முதலாளியும் தொழிலாளியும்: நேற்றும் இன்றும்



சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று செயலாளர் அவர்கள் பணித்தபொழுது நாம் சற்றுத் தயங்கினோம். நாம் புலவர் அல்லோம். வரலாற்றுப் பேராசிரியரும் அல்லோம். மெட்ரிகுலேஷன் வரை கற்று, இரயில்வே அலுவலகம் ஒன்றில் எழுத்தராக அமர்ந்து, பணியாளரின் வருகையையும் விடுப்பையும் சம்பளத்தையும் ஏட்டில் பதிந்து வருகின்றோம். ஆயினும் ஒரு வினா நெடுநாளாக நம் உள்ளத்தில் கிடந்தது. நாள்தோறும் நாம் எழுதும் அப்பெயர்கள் ஏட்டில் ஏறியது எவ்வாறு? அஃது எவரேனும் மனமிரங்கி அளித்த கொடையா? அன்றி நமக்கு முன்னிருந்தோர் பாடுபட்டுப் பெற்ற உரிமையா? இவ்வினாவிற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

நம் குடிபாலா சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், இரு மாநிலங்களும் கைகோக்கும் எல்லையில் அமைந்தது. 1911ஆம் ஆண்டு வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது சித்தூர்தான். அவ்வாண்டில் அது தனி மாவட்டமாயிற்று. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபொழுது அதனோடு சேர்ந்தது. எல்லைக்கோடு இவ்வாறு பலமுறை மாறினும், உழைத்து உண்பவன் நடக்கும் வழி மாறவில்லை. இன்றும் விடியற்காலையில் சாலையோரம் நின்று நோக்கின், சித்தூருக்கும் வேலூருக்கும் இராணிப்பேட்டைக்கும் வேலைக்குச் செல்வோர் சோற்றுத் தூக்குடன் பேருந்துக்குக் காத்திருப்பதைக் காணலாம். அவர்கள் பேச்சில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். ஆகவே இது நம் எல்லோருக்கும் உரிய வரலாறு.

படியாள் காலம்

பண்டு நம் நாட்டுப்புறங்களில் வேலை கொடுப்போனுக்கும் வேலை செய்வோனுக்கும் இடையே ஏடும் இல்லை, எழுத்தும் இல்லை. படியால் அளந்து தானியம் பெற்றவன் படியாள். பண்ணையைச் சார்ந்து வாழ்ந்தவன் பண்ணையாள். நம் தெலுங்கு நண்பர்கள் அவனை 'ஜீதகாடு' என்பர். இன்று அலுவலகத்தில் நாம் பெறும் சம்பளத்துக்கும் தெலுங்கில் 'ஜீதம்' என்றே பெயர். சொல் ஒன்றுதான், ஆயின் அன்றைய ஜீதகாட்டின் நிலைக்கும் இன்றைய ஜீதம் பெறுவோன் நிலைக்கும் இடையேயுள்ள தொலைவு பெரிது. மகள் திருமணத்திற்கோ, தந்தையின் ஈமக்கடனுக்கோ வாங்கிய சிறு தொகைக்காகத் தானும் தன் மகனும் ஆண்டுக்கணக்கில் உழைத்தும் அக்கடன் தீராத குடும்பங்கள் எத்தனையோ! கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் தான் வந்தது என்பதை எண்ணும்பொழுது, அக்காலம் அத்துணைப் பழங்காலம் அன்று என்பது விளங்கும்.

அன்றைய ஆண்டைகள் அனைவரும் கொடியவர் என்று கூறுதல் நம் கருத்து அன்று. பண்டிகைக்குப் புதுத்துணி கொடுத்தவர் உண்டு. நோயுற்றபொழுது மருந்தும் கஞ்சியும் அனுப்பியவர் உண்டு. ஆயின் அவையாவும் அவர் மனத்தைப் பொறுத்தவை. கொடுத்தால் கும்பிடலாம், கொடாவிடின் கேட்க வழியில்லை. இந்த வேறுபாட்டை அன்பர்கள் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் முடிவில் இதற்கே திரும்பி வருவோம்.

திருவள்ளுவர் பெருமான் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். பணியாளனை ஆராய்ந்து அமர்த்துக என்றும், வினை செய்வான் கோணாதிருப்பின் உலகமும் கோணாது. ஆகலின் மன்னன் அவனை நாள்தோறும் நோக்குக என்றும் அவ்வதிகாரம் அறிவுறுத்துகின்றது. பணியாளன் கோணாமல் இருக்கின்றானா என்று நோக்க மன்னன் உளன். வேலை கொடுப்போன் கோணாமல் இருக்கின்றானா என்று நோக்குவது யார்? இவ்வினா நம் மண்ணில் ஆலைத் தொழிலாளரிடையே ஓங்கி ஒலித்தது இருபதாம் நூற்றாண்டில்தான்.

அதற்கு முன்பு சட்டம் நோக்கியதெல்லாம் தொழிலாளியை மட்டுமே. 1859ஆம் ஆண்டில் ஆங்கில அரசு ஒரு சட்டம் இயற்றிற்று. முன்பணம் பெற்ற தொழிலாளி ஒப்பியபடி வேலையை முடிக்காவிடின், நீதிபதி அவனை வேலைக்குத் திரும்பும்படி ஆணையிடலாம். மறுத்தால் மூன்று மாதம் வரை சிறையில் இடலாம். முதலாளி வாக்குத் தவறினால் அவருக்குச் சிறையில்லை. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய பெருநகரங்களுக்கென வந்த அச்சட்டம் பின்னர்ப் பல இடங்களுக்கும் பரவிற்று. 1925இல் இயற்றப்பட்ட ஒரு சட்டமே அதனை நீக்கியது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் நம் முன்னோர், வேலையை விட்டு நீங்குவதே குற்றம் என்ற நிலையில் வாழ்ந்தனர் என்பது இதனால் பெறப்படும்.

இருப்புப்பாதையும் ஆலைச் சங்கும்

தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை திறக்கப்பட்டது. வாலாஜா நம் குடிபாலாவிற்குத் தென்கிழக்கே அண்மையில் உள்ளதே. பின்னர் அப்பாதை காட்பாடி வழியாக மேற்கே நீண்டது. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்கும் மீட்டர் பாதை வந்தது. மண் சுமந்தோர், கல் உடைத்தோர், தண்டவாளம் தூக்கினோர் அனைவரும் இவ்வட்டாரத்துச் சிற்றூர்களின் மக்களும் அவர்போன்ற ஏழைகளுமே. வயலில் கதிரவனைப் பார்த்து வேலை செய்தவன், இனி மணியையும் ஊதலையும் கேட்டு வேலை செய்யலானான். ஆண்டையை நேரில் கண்டு முறையிட்டவன், இனி மேஸ்திரியைக் கண்டான். மேஸ்திரிக்கு மேல் இருந்தவரைக் காணவில்லை. உண்மை முதலாளியோ கடலுக்கு அப்பால் இருந்தார்.

ஆலைகளிலும் இதுவே நிலை. 1881இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் சிறுவர் வேலைநேரத்துக்கு மட்டுமே வரம்பு விதித்தது. 1911இல் நெசவாலைகளில் வயதுவந்த ஆடவர்க்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி என்று வரையறுத்தனர். அதுவே அன்று முன்னேற்றமாகக் கருதப்பட்டது!

இந்நிலையில்தான் தூத்துக்குடியில் ஒரு குரல் எழுந்தது. 1908 பிப்ரவரி 27ஆம் நாள் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். தொழிலாளர் கேட்டவை யாவை? கூலி உயர்வு, வேலைநேரக் குறைவு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு ஆகியவையே. ஊர்மக்கள் பலரும் அவர்கள் பக்கம் நின்றனர். மார்ச்சு முதல் வாரத்தில் ஆலை நிருவாகம் இணங்கியது. அடுத்த சில நாட்களில், மார்ச்சு 12ஆம் நாள், சிதம்பரனார் கைது செய்யப்பட்டார். அவர் பின்னாளில் சிறையில் பட்ட துன்பம் அனைவரும் அறிந்ததே. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அமர்ந்து இம்மலரைப் படிக்கும் அன்பர்கள், அவ்வோய்வுக்காகச் சிறை புகுந்தோரையும் ஒரு கணம் நினைவார்களாக.

பெரம்பூரில் பிறந்த சங்கம்

1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் ஒழுங்கு பெற அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் அதனைப் போற்றுவர். பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் என்னும் பின்னி கம்பெனியின் இரண்டு பெரிய ஆலைகள் இருந்தன. அங்குள்ள தொழிலாளர், நண்பகலில் உண்ணவும் நேரம் போதவில்லை, மேலாளர் சிறு பிழைக்கும் இழிவாக நடத்துகின்றனர் என்று வருந்தினர். அவர்கள் குறைகளைக் கேட்டு உள்ளம் உருகியவர் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும். இவர்கள் முயற்சியால் சங்கம் அமைந்தது. பார்சி மரபினரான பி. பி. வாடியா தலைவரானார். அவர் ஆங்கிலத்தில் பேசுவார். அப்பேச்சு தமிழில் பெயர்த்துரைக்கப்படும். தமிழர், தெலுங்கர், பார்சி இனத்தவர் ஆகியோர் ஒன்றுகூடி வளர்த்த சங்கம் அது. எல்லையில் வாழும் நமக்கு இஃது எத்துணைப் பொருத்தமான முன்மாதிரி!

அச்சங்கத்துக்குத் தமிழ் நாவாக விளங்கியவர் திரு. வி. கலியாணசுந்தரனார். அவர் ஒருகாலத்தில் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதியவர், பள்ளியாசிரியராகவும் இருந்தவர். 'தேசபக்தன்', 'நவசக்தி' ஆகிய தாள்களின் ஆசிரியராக இருந்து, தொழிலாளர் பிரச்சினையை இனிய தமிழில் நாட்டுக்கு எடுத்துரைத்தார். எழுதுகோல் பிடித்தவன் உழைப்பாளிக்கு அயலான் அல்லன் என்பதற்கு அவரே சான்று.

வேலை கொடுப்போரும் வாளாவிருக்கவில்லை. வேலைநிறுத்தத்துக்கும் கதவடைப்புக்கும் இடையே, சங்கத் தலைவர்கள் தொழிலாளரை ஒப்பந்தம் மீறத் தூண்டினர் என்று பின்னி கம்பெனி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. தொழிலாளர் ஒன்றுசேர்ந்து பேசுவதற்கே சட்டத்தில் இடமில்லை என்பது அவ்வழக்கால் நாடறிந்த செய்தியாயிற்று. 1921இல் மீண்டும் நெடிய வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அப்பொழுது ஆதிதிராவிடத் தொழிலாளர்க்கும் ஏனையோர்க்கும் பிளவு உண்டாயிற்று. புளியந்தோப்புப் பகுதியில் வீடுகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. சாதிப் பிளவு புகுந்த இடத்தில் சங்கம் தளர்ந்தது. இவ்வுண்மையை நாம் மறைத்தல் ஆகாது.

எனினும் அப்பாடு வீண் போகவில்லை. சென்னை வழக்கைக் கண்டு, தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று என். எம். ஜோஷி 1921இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தார். அதன் விளைவே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். ஒருபுறம் வேலையை விட்டவனைச் சிறையிலிடும் பழைய சட்டம் நீங்கிற்று. மறுபுறம் தொழிலாளர் கூடிப் பேசுவது குற்றமன்று என்னும் புதிய சட்டம் வந்தது. தென்னாட்டுத் தொழிலாளி தலைநிமிர்ந்த காலம் என்று அதனைக் கூறலாம்.

பொன்மலையும் இரயில்வேத் தொழிலாளரும்

இனி நம் இரயில்வேக்கு வருவோம். திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது தென்னிந்திய இரயில்வே கம்பெனி. அது நாகப்பட்டினம் முதலிய இடங்களில் இருந்த பணிமனைகளைப் பொன்மலையில் ஒருங்கே அமைக்கவும், ஆட்களைக் குறைக்கவும் முற்பட்டது. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலையிழக்கும் நிலை வந்தது. பல ஆண்டு உழைத்த தொழிலாளியைப் புதிதாகத் தேர்வு வைத்துச் சோதிக்கவும் செய்தனர். 1928 ஜூலையில் வேலைநிறுத்தம் மூண்டது. சில நாட்களில் அஃது அடக்கப்பட்டது. துணை நின்ற சிங்காரவேலர்க்கு அப்பொழுது அறுபத்தெட்டு வயது. அம்முதியவர்க்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தனர். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. இந்தியாவில் முதன்முதலாக, 1923ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடியவரும் அவரே.

1946 செப்டம்பர் 5ஆம் நாள் பொன்மலையில் மீண்டும் குருதி சிந்திற்று. வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிலாளர் கூடிய சங்கத்திடலில் மலபார் சிறப்புக் காவற்படை சுட்டதில் ஐவர் உயிர் நீத்தனர். நாடு விடுதலை பெற ஓராண்டுகூட இல்லாத காலம் அது.

விடுதலையை ஒட்டி நிலைமை மாறலாயிற்று. 1947இல் தொழில் தகராறுச் சட்டம் வந்தது. 1948இல் தொழிற்சாலைச் சட்டமும் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வந்தன. வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்ற வரம்பு ஏற்பட்டது. 1952இல் வருங்கால வைப்புநிதி, 1965இல் போனஸ், 1972இல் பணிக்கொடை என்று அடுத்தடுத்துச் சட்டங்கள் தோன்றின. இரயில்வேத் தொழிலாளர் இயக்கத்தில் வளர்ந்த வி. வி. கிரி அவர்கள் மத்தியத் தொழில் அமைச்சராகி, 1954இல் வங்கி ஊழியர் தீர்ப்பைத் திருத்திய முறையை ஏற்காமல் பதவி துறந்தார். 1969இல் குடியரசுத் தலைவரானார். இரயில்வேயில் 1957 நவம்பரில் ஓய்வூதியத் திட்டம் வந்தது. ஒருவன் பெயர் ஏட்டில் ஏறிவிட்டால், அவன் உழைக்கும் காலத்துக்கு மட்டுமன்றி, ஓய்ந்த பின்னும், மறைந்த பின் அவன் மனைவிக்கும் அவ்வேடு பொறுப்பேற்கும் காலம் மலர்ந்தது.

ஆயினும் அரசே முதலாளியான இடத்திலும் பூசல் ஓயவில்லை. 1974 மே 8ஆம் நாள் தொடங்கி 27ஆம் நாள் வரை நாடெங்கும் இரயில்கள் நின்றன. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் ஏறத்தாழப் பதினேழு இலட்சம் பேர் ஈடுபட்டனர் என்பர். ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர், வேலையிழந்தனர். பல இரயில்வே காலனிகளில் பெண்டிரும் குழந்தைகளும் பாத்திரம் பண்டங்களுடன் வீட்டினின்றும் வெளியேற்றப்பட்டனர். காலனியில் வாழும் நம் தாய்மார்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். வேலைநிறுத்தம் தோற்றது; ஆயின் அன்று மறுக்கப்பட்ட போனஸ் 1979இல் இரயில்வே ஊழியர்க்குக் கிட்டியது.

முகம் மறைந்த முதலாளி

இதுவரை கூறியவை ஏறுமுகமான வரலாறு. இன்றைய நிலை என்ன?

2004 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்க்குப் பழைய ஓய்வூதியம். அதற்குப் பின் சேர்ந்தவர்க்குத் தம் சம்பளத்திலும் பிடித்தம் செய்து சந்தையில் இடப்படும் புதிய திட்டம். 2025 ஏப்ரல் 1 முதல் உறுதியான ஓய்வூதியம் தரும் வேறொரு திட்டத்தைத் தேர்ந்துகொள்ளவும் வழி செய்துள்ளனர். நாம் அந்த எல்லைக்கோட்டுக்குப் பின்னர்ப் பணியில் சேர்ந்தோம். ஒரே அறையில் ஒரே வேலை செய்த மூத்தவர்க்கு ஒரு முறை, நமக்கு மற்றொரு முறை. எனினும் நமக்கு ஓர் ஏடு உண்டு. அதில் பெயர் உண்டு.

ஏட்டில் பெயரே இல்லாதவர் நிலை என்ன? 1990ஆம் ஆண்டையொட்டி இரயில்வேயில் பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். இன்று அவ்வெண் ஏறத்தாழப் பன்னிரண்டு இலட்சம். வண்டிகளோ பயணிகளோ குறையவில்லை. துப்புரவும் சுமையும் ஒப்பந்தக்காரர் வழியே நடைபெறுகின்றன. இஃது இரயில்வேக்கு மட்டும் உரிய நிலை அன்று. நம் சித்தூர் மாவட்டத்தில் கிளிமூக்கு மாங்காய்ப் பருவம் வந்தால் மாங்கூழ்த் தொழிற்சாலைகள் இரவும் பகலும் இயங்கும். பருவம் முடிந்தால் ஆட்கள் கலைவர். திருப்பதியில் இருசக்கர வண்டியில் உணவுப் பொட்டலம் கொண்டு விரையும் இளைஞனைக் கேளுங்கள்: அவனுக்கு மேஸ்திரியும் இல்லை; கைப்பேசியே கட்டளையிடுகின்றது. அன்று கடலுக்கு அப்பால் இருந்த முதலாளி, இன்று கண்ணாடித் திரைக்குள் மறைந்துவிட்டார்.

2015 ஜனவரி 31ஆம் நாள் விடியுமுன், நமக்கு அண்மையிலுள்ள இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் தோல் பதனிடும் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்தோர் மீது கழிவு பாய்ந்து பத்துப் பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். நாமும் ஊர்விட்டு ஊர் வந்து பிழைப்போரே. ஆயின் நமக்குச் சங்கம் உண்டு. நோயென்றால் ஓடிவர நால்வர் உண்டு. வேலை செய்த இடத்திலேயே உறங்கிய அவ்வெளியூரார்க்கு யார் இருந்தனர்?

2024இல் திருப்பெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளர் முப்பத்தேழு நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். முதன்மையான கோரிக்கை, தம் சங்கத்தைப் பதிவு செய்தல் வேண்டும் என்பதே. 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. பெரம்பூரில் 1918இல் கேட்டதை, அங்கிருந்து சில மணிப் பயணத் தொலைவில், நூறாண்டு கழித்தும் கேட்க வேண்டியிருந்தது. பெரம்பூர் ஆலைகளோ 1996இலேயே மூடப்பட்டுவிட்டன.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. 1926ஆம் ஆண்டுச் சட்டமும் 1947ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றுள் அடங்கிப் பழங்கதையாயின. இவற்றில் நன்மையும் உண்டு: ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணி நியமனக் கடிதம் தருதல் வேண்டும், கைப்பேசி வழி வேலை செய்வோரையும் சட்டம் முதன்முறையாகப் பெயர்கூறி ஏற்றுள்ளது. ஐயத்துக்கு இடமானவையும் உண்டு: இருபது பேர் இருந்தாலே பொருந்திய ஒப்பந்தத் தொழிலாளர் விதி, இனி ஐம்பது பேர் இருந்தால்தான் பொருந்தும். ஒப்பந்தக்காரர் கூலி கொடாவிடின், வேலை வாங்கிய முதன்மை நிறுவனமே கொடுத்தல் வேண்டும் என்னும் விதி மட்டும் முன்போலவே நிலைத்துள்ளது. நன்மை எவ்வளவு, தீமை எவ்வளவு என்பதைக் காலமே காட்டும்.

நம் கையிலுள்ள ஏடு

இறுதியாக, நம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி முடிக்க விழைகின்றோம்.

சில ஆண்டுகட்கு முன், நாம் அப்பொழுது பணியாற்றிய ஓர் ஊரில், ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்த துப்புரவுப் பெண்மணி ஒருவர் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து கை எலும்பு முறிந்தார். அவர் மகன் நம் மேசைக்கு வந்து, "ஐயா, எங்க அம்மா பேரு உங்க நோட்டில இருக்குதா, பாருங்க" என்றான். நாம் ஏட்டைத் திறக்கவும் இல்லை. "இங்கே இருக்காதப்பா, காண்டிராக்டரைப் போய்ப் பாரு" என்றோம். நாம் கூறியது பொய்யன்று. அவன் ஒப்பந்தக்காரரின் ஆளிடம் சென்றான்; அவர் வேறொருவரைக் கைகாட்டினார். மாலையில் அலுவலக நண்பர்கள் ஆளுக்கு நூறு, இருநூறு என்று திரட்டிக் கொடுத்தனர். நாமும் கொடுத்தோம். அவன் கைகூப்பி வாங்கிச் சென்றான்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. கொடுத்தால் கும்பிடலாம், கொடாவிடின் கேட்க வழியில்லை. படியாள் காலம் போயிற்று என்று எண்ணியிருந்தோம். நம் மேசையருகிலேயே அது நின்றுகொண்டிருந்தது. வேலையிடத்தில் காயமுற்றவர்க்கு இழப்பீடு தரும் சட்டம் 1923லேயே நம் நாட்டில் வந்துவிட்டது. அவ்வம்மையார்க்கு உரியது இழப்பீடு. நாம் தந்ததோ பிச்சை. எங்கு விண்ணப்பிக்க வேண்டும், எத்தாளை இணைக்க வேண்டும் என்பதெல்லாம் எழுத்தராகிய நமக்குத் தெரியும். நூறு ரூபாய் கொடுத்த நாம், ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவில்லை. சட்டம் இயற்றுவோரைக் குறைகூறுமுன் இக்குற்றத்தை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. நம் காலனியில் வீடுதோறும் பாத்திரம் துலக்கவும் வாசல் பெருக்கவும் ஓர் அம்மையார் வருகின்றார். அவருக்கு நாமே முதலாளி. அவருக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு உண்டா? அவர் மகள் நோயுற்றுப் படுத்தால், வாராத நாட்களுக்குச் சம்பளத்தைக் குறைக்காமல் கொடுக்கின்றோமா? தூத்துக்குடித் தொழிலாளர் 1908இல் பெற்ற ஞாயிற்றுக்கிழமையை நம் வீட்டு வேலைக்காரர் இன்னும் பெறவில்லை எனின், நாம் யாரை நோக்கி உரிமை பேசுவது?

ஆதலின் அன்பர்கள் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஒன்று, நம் காலனிக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் வீட்டு வேலை செய்வோர்க்கு வாரத்தில் ஒருநாள் சம்பளத்துடன் ஓய்வு தருக. தாய்மார்கள் மனம் வைத்தால் அடுத்த வாரமே இது நிறைவேறும். மற்றொன்று, நம் பிள்ளைகளுள்ளும் அண்டை வீட்டாருள்ளும் ஒப்பந்த வேலை செய்வோர் பலர். பணி நியமனக் கடிதம் உண்டா, வைப்புநிதி கட்டப்படுகின்றதா, மருத்துவக் காப்பீடு உண்டா என்பதை அவர்களுட் பலர் அறியார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் சங்க அறையில் நாம் அமர்ந்திருப்போம். சம்பளச் சீட்டுடன் வருவோர்க்கு அதனைப் படித்து விளக்கவும், விண்ணப்பம் எழுதவும் ஆவன செய்வோம். தமிழர் மட்டுமல்லர், தெலுங்கரும், வடநாட்டினின்று வந்தோரும் வரலாம்.

செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் பெரிய செல்வர் அல்லர். சட்டம் கற்றவரும் அல்லர். உழைப்போர் குறைகளைப் பொறுமையாகக் கேட்டனர். அங்கிருந்தே எல்லாம் தொடங்கிற்று. நம்மாலும் கேட்க இயலும்; எழுதவும் இயலும்.

வாழ்க உழைப்போர்! வளர்க நம் சங்கம்!